28 பெரிதா, 42 பெரிதா, பூஜ்யம் பெரிதா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு, ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள், 5ஆம் நிலையில் இருக்கும் குழு. நீங்கள் இருகை வாள் ஏந்திய ஃபைட்டர் (போர்வீரர்), ஸ்ட்ரெங்த் (உடல்வலு) 18. ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ என்ற ஃபீட், அதாவது கூடுதல் திறமை, ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒரு நண்பர் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் வீசும் விசார்ட் (மந்திரவாதி), இன்னொருவர் எதிரியை உறையவைக்கும் ‘ஹோல்ட் பெர்சன்’ மந்திரம் போடும் கிளெரிக் (பூசாரி). மூன்றில் எது வலிமை என்று வாக்குவாதம் வந்து, நீங்கள் ஒரு அட்டவணை போட்டிருக்கிறீர்கள். உங்கள் இரண்டு வெட்டும் ஃபீட்டோடு விழுந்தால் சராசரி 42 சேதம், ஃபயர்பால் 28, ஹோல்ட் பெர்சன் 0. ஆனால் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கிளெரிக்கின் முதுகைத்தான் தட்டிக்கொடுக்கிறார்கள், அட்டவணையில் எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டலில் தப்பே இல்லை. எதைக் கூட்டுவது என்பதில்தான் தப்பு. ஆக உங்கள் கேள்வி எது பெரியது என்பதல்ல, எந்த முழக்கோலால் அளப்பது என்பது.

பல வருடமாக டிஎம் (ஆட்டத்தை நடத்தி எதிரிகளை இயக்குபவர்) நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், படித்தது புள்ளியியல். அதனால் எண்ணில் கை வைக்கக் கூச்சமில்லை. எண் எந்த இடத்தில் நம்மைக் கைவிடும் என்பதையும் ஓரளவு பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு புள்ளியும் 5 சதவீதம். உங்கள் தாக்குதல் கூட்டு +7, அதாவது ஸ்ட்ரெங்த் தரும் 4, ப்ரொஃபிஷியன்சி (நிலையோடு வளரும் பயிற்சிப் புள்ளி) தரும் 3. எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவன் மேல் அடி பட நாம் எட்ட வேண்டிய எண், 15 என்றால் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வாய்ப்பு 65 சதவீதம். வாளின் இரண்டு ஆறுமுகப் பகடைக்குச் சராசரி 7, ஸ்ட்ரெங்த் 4, மொத்தம் 11. அதில் 65 சதவீதம் எடுத்து, கிரிட்டிக்கலுக்கு (20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பு) சிறிது சேர்த்தால் ஒரு வெட்டுக்கு 7.5 வருகிறது, இரண்டு வெட்டு கொண்ட ஒரு முறைக்கு, அதாவது ஆட உங்களுக்கு வரும் ஒரு வாய்ப்புக்கு, 15. ஃபீட்டைப் பயன்படுத்தினால் தாக்குதலில் 5 குறைகிறது, சேதத்தில் 10 கூடுகிறது. வாய்ப்பு 40 சதவீதம், விழுந்தால் 21, வெட்டுக்குச் சராசரி 8.75, முறைக்கு 17.5. உங்கள் அட்டவணையின் 42 இங்கேயே 17.5 ஆகச் சுருங்கிவிட்டது. தவறிப்போகும் வெட்டுகளையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்.

எப்போது அந்த 5ஐக் குறைக்கலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. 16ஓடு உங்கள் தாக்குதல் கூட்டைச் சேர்த்து, ஃபீட் இல்லாத சராசரி சேதத்தில் பாதியைக் கழியுங்கள். எதிரியின் ஆர்மர் கிளாஸ் அதற்குக் கீழே இருந்தால் குறைப்பது லாபம். உங்களுக்கு 16 + 7 − 5.5, அதாவது 17.5. எனவே 17 வரை குறைக்கலாம், 18 வந்தால் வேண்டாம். கிரிட்டிக்கலை விட்டுவிட்டால் பள்ளிக்கூட அல்ஜீப்ராவிலேயே இது வந்துவிடும். அந்தக் கணக்கில் பிழை கிடையாது, ஆனால் அதை அப்படியே நம்பி விளையாடினால் அடி வாங்குவீர்கள்.

காரணம் இது. 2014 மான்ஸ்டர் நூலில் காப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7. சூத்திரப்படி 15 என்பது 17.5க்குக் கீழே, எனவே 5ஐக் குறைக்க வேண்டும். ஆனால் உங்கள் சாதாரண வெட்டே குறைந்தபட்சம் 6 போடும். இரண்டு பகடையிலும் 1 விழுகிற முப்பத்தாறில் ஒரு தடவையைத் தவிர, பட்டால் காப்ளின் காலி. சாதாரணமாக வெட்டினால் அது விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட 63 சதவீதம், ஃபீட்டோடு வெட்டினால் 40. கூடுதலாக வந்த அந்த 10 சேதம் செத்த பாம்பை அடிக்கிற அடி. அடுத்து ஆர்க். ஆர்மர் கிளாஸ் 13, ஹிட் பாயிண்ட் 15. சாதாரண வெட்டு 75 சதவீதம் படும், ஆனால் ஒரே வெட்டில் 15ஐ எட்ட இரண்டு பகடையில் 11 அல்லது 12 விழ வேண்டும், அது அபூர்வம். பெரும்பாலும் இரண்டு வெட்டும் பட்டால்தான் ஆர்க் சாயும். ஒரு முறையில் ஒரு ஆர்க்கைச் சாய்க்கும் வாய்ப்பு 60 சதவீதம் அளவுக்கு நிற்கும். ஃபீட்டோடு வெட்டினால் படும் வாய்ப்பு 50தான், ஆனால் பட்ட ஒவ்வொரு வெட்டும் குறைந்தபட்சம் 16 போடுகிறது, ஆர்க் அங்கேயே விழுகிறது. ஒன்றாவது விழும் வாய்ப்பு 75, இரண்டு விழும் வாய்ப்பு 25. போதாததற்கு, ஒன்று விழுந்தால் போனஸ் ஆக்‌ஷனில் இன்னொரு வெட்டும் அதே ஃபீட் தருகிறது. சராசரி சேதத்தை மட்டும் பார்த்தால் ஆர்க்கின் மேல் லாபம் 26 சதவீதம், காப்ளின் மேல் 17 சதவீதம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். நிஜத்தில் ஒன்றில் நீங்கள் ராஜா, மற்றதில் உங்கள் காலை நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள்.

இந்த விளையாட்டில் 1 ஹிட் பாயிண்ட்டோடு நிற்கும் எதிரியும் முழு உடம்போடு நிற்கும் எதிரியும் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள். காயம் பட்டால் தாக்குதல் குறையும் என்ற விதி இங்கே கிடையாது. எனவே சேதத்துக்கு மதிப்பு வருவது கடைசிப் புள்ளி போகும் நொடியில்தான். அதுவரை போட்டதெல்லாம் முன்பணம். நான் வைத்திருக்கும் முழக்கோல் இதிலிருந்து வந்தது: இந்தத் திறனால் எதிரி எத்தனை முறையை இழந்தான்? எதிரி செத்தால் மிச்சமுள்ள முறையெல்லாம் போயிற்று, உறைந்து நின்றால் அந்த முறை மட்டும் போயிற்று, நம்மைத் தேடி ஓடுவதிலேயே முறை கழிந்தாலும் போயிற்றுதான். 42, 28, 0 மூன்றையும் ஒரே தராசில் வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தராசில் ஃபயர்பாலை வைத்துப் பாருங்கள். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28, எதிரி டெக்ஸ்டெரிட்டி சேவில் (சுறுசுறுப்பால் தப்பிக்கும் உருட்டல்) வென்றால் பாதி. விசார்ட்டின் சேவ் எண் (எதிரி எட்ட வேண்டியது) 15 என்றால் காப்ளின் 60 சதவீதம் தோற்கும், எனவே தலைக்குச் சராசரி 22.4. ஐந்து காப்ளின் வட்டத்துக்குள் மாட்டினால் தாளில் 112 சேதம். ஆனால் ஐந்தின் ஹிட் பாயிண்ட்டும் சேர்த்து 35தான், மிச்சம் காற்றோடு போகிறது. அதனால் ஃபயர்பால் வீண் என்று ஆகுமா? ஆகாது, நேர் எதிர். சேவில் வென்ற காப்ளினும் பாதிச் சேதத்திலேயே செத்துவிடும், அதாவது ஒரே முறையில் எதிரியின் ஐந்து முறைகள் அழிந்தன. 35 என்ற சின்ன எண்ணுக்குள் அவ்வளவு பெரிய காரியம் ஒளிந்திருக்கிறது. அதே ஃபயர்பாலைத் தனியாக நிற்கும் ஓகர் மேல் போடுங்கள். ஹிட் பாயிண்ட் 59, சராசரி 24.5 போகும், ஓகர் தும்மக்கூட இல்லாமல் அடுத்த முறையில் தடியைத் தூக்கும். அப்போது அந்த ஃபயர்பாலின் மதிப்பு, பின்னால் நீங்கள் வெட்டும்போது எத்தனை சுற்று மிச்சமாகிறது என்பதில்தான் இருக்கிறது. ஃபீட்டோடு நீங்கள் ஓகருக்குச் சுற்றுக்கு 26 அளவுக்குப் போடுவீர்கள். 59ஐ முடிக்க மூன்று சுற்று, ஃபயர்பால் முன்னால் விழுந்திருந்தால் இரண்டு. ஓகரின் ஒரு முறை போனது. ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட்டுக்கு (நாளுக்கு இத்தனை என்று அளந்து கிடைக்கும் மந்திர இருப்பு) இது மோசமில்லை, ஆனால் ஐந்து எங்கே, ஒன்று எங்கே.

ஒரு சின்ன விஷயம், விசார்ட் நண்பரை வெறுப்பேற்ற உதவும். புது மந்திரம் உருவாக்க விரும்பும் டிஎம்முக்காக 2014 டிஎம் கையேட்டில் ஒரு சேத அட்டவணை இருக்கிறது. மூன்றாம் நிலையில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு அது சொல்லும் அளவு 6 ஆறுமுகப் பகடை. ஃபயர்பாலோ 8. தன் கையேட்டின் அளவையே தாண்டி நிற்கும் மந்திரம் அது. எனவே ஃபயர்பாலை அடிக்கோடாக வைத்து மற்றவற்றை ஒப்பிட்டால் எல்லாமே நோஞ்சானாகத்தான் தெரியும்.

இனி கிளெரிக்கின் பூஜ்யத்துக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. கொள்ளைக்கூட்டத் தலைவன் ஒருவன் என்று வையுங்கள், நூலில் பேண்டிட் கேப்டன் என்று வருபவன். ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயிண்ட் 65, ஒரு முறைக்கு மூன்று வீச்சு, விஸ்டம் சேவ் +2. கிளெரிக்கின் எண் 15 என்றால் அவன் தோற்கும் வாய்ப்பு 60 சதவீதம். தோற்றால் உறைகிறான். ஒவ்வொரு முறையின் முடிவிலும் மறுபடி சேவ் போடலாம், ஆனால் முடிவில்தான், எனவே குறைந்தது ஒரு முறை போனது போனதுதான். 0.6, அதன் வர்க்கம், கனம் என்று கூட்டிக்கொண்டே போனால், மந்திரத்தைத் தாங்கும் கிளெரிக்கின் ஒருமுகச் சிந்தனை கலையாத வரை, சராசரியாக 1.5 முறை இழப்பு. இது வெறும் தொடக்கம். உறைந்தவன் மேல் உங்கள் தாக்குதலுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது), ஐந்து அடிக்குள் இருந்து பட்டால் தானாகவே கிரிட்டிக்கல். உங்கள் இரண்டு வெட்டின் சராசரி 17.5இலிருந்து 35.8க்குத் தாவுகிறது. பாதி உயிர் ஒரே முறையில் போய்விட்டது. இப்போது கேள்வி: கூடுதலாக வந்த அந்த 18 சேதம் யார் கணக்கில்? உங்கள் அட்டவணை அதை உங்கள் பெயரில் எழுதியிருக்கும். பகடையை உருட்டியது நீங்கள்தான், ஆனால் அதை உண்டாக்கியது கிளெரிக். உங்கள் மேசை முதுகைத் தட்டிக்கொடுத்தது சும்மா இல்லை.

ஆனால் அந்தப் பாராட்டிலும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. 40 சதவீதம் தடவை ஒன்றுமே நடக்காது, ஸ்லாட்டும் போய், கிளெரிக்கின் முறையும் போய்விடும். நடந்த தடவைகள் ஞாபகத்தில் நிற்கின்றன, நடக்காதவை மறந்துவிடுகின்றன. அப்புறம் மனித உருவினர் மேல் மட்டும்தான் இது செல்லும், மேலே சொன்ன ஓகர் மேல் செல்லாது, அது ராட்சத இனம். கிளெரிக் அடிபட்டு கான்ஸ்டிட்யூஷன் சேவில் தோற்றால் மந்திரம் கலைந்துவிடும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. இனிஷியேட்டிவ் வரிசை கிளெரிக், நீங்கள், தலைவன் என்று இருந்தால், உறைந்தவனை நீங்கள் வெட்டும் வாய்ப்பு 60 சதவீதம். கிளெரிக், தலைவன், நீங்கள் என்று இருந்தால் அவன் தன் முறை முடிவில் இன்னொரு சேவ் போட்டுவிட்டுத்தான் உங்களிடம் வருவான், வாய்ப்பு 36ஆக இறங்கிவிடும். மந்திரமும் மாறவில்லை, எதிரியும் மாறவில்லை, முறை வரும் வரிசை மாறியதில் மதிப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் இதற்கு ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

பெரிய எதிரிகள் விஷயத்தில் இன்னும் மோசம். முழு வளர்ச்சி அடைந்த டிராகன் போன்றவைக்கு ‘லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்’ ஒரு நாளைக்கு மூன்று தடவை இருக்கிறது. சேவில் தோற்றாலும் வென்றதாக வைத்துக்கொள்ளலாம். அங்கே உறையவைக்கும் மந்திரங்கள் எல்லாம் முதல் மூன்று தடவை சுவரில் எறிந்த பந்து. உங்கள் வாளுக்கு அந்தத் தடை இல்லை. என் மேசையில் ஒரு தடவை, நீண்ட கதையின் கடைசிச் சண்டையில், மந்திரக்காரர் இருவரும் அடுத்தடுத்து மூன்று மந்திரத்தை இப்படி இழந்துவிட்டு மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை ‘நான் சும்மா வெட்டுறேன்’ என்று சலித்துக்கொண்டிருந்த ஃபைட்டர் அன்றைக்கு ஆக்‌ஷன் சர்ஜை (ஒரே முறையில் இரட்டைத் தாக்குதல்) எடுத்து நான்கு வெட்டு வெட்டினார். நாலில் மூன்று பட்டது. அதற்காக ஃபைட்டர்தான் எப்போதும் உசத்தி என்று நான் சொல்லவில்லை. அந்த எதிரிக்கு, அந்த நேரத்தில் அப்படி.

ஒரு நாளில் எத்தனை சண்டை என்பதையும் சேர்க்காமல் எந்த ஒப்பீடும் நிற்காது. 2014 கையேடு ஒரு குழு நாளொன்றுக்கு நடுத்தரமோ கடினமோ ஆன 6 முதல் 8 மோதல்களைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. 6 சண்டை, சண்டைக்கு மூன்றரைச் சுற்று என்றால் உங்களுக்கு ஏறக்குறைய 20 சுற்று, 350 அளவுக்குச் சேதம். விசார்ட்டுக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் 2, ஆர்க்கேன் ரிகவரியில் (ஓய்வில் ஸ்லாட் மீட்கும் திறன்) இன்னொன்று. ஒவ்வொரு ஃபயர்பாலிலும் நாலு பேர் மாட்டி, தலைக்கு 22 என்று வைத்தால் 264. 20 அடி ஆரத்துக்கு நாலு பேர் என்பது அதே கையேடு தரும் தோராயம்தான். இப்போது நாளுக்கு ஒரே ஒரு சண்டை நடக்கும் மேசையை எடுங்கள். உங்களுக்கு நாலு சுற்று, ஆக்‌ஷன் சர்ஜ் சேர்த்தும் 90ஐத் தொடவில்லை, விசார்ட் இரண்டு ஃபயர்பாலில் 176. சேதம் என்ற பழைய அளவுகோலையே வைத்துக்கொண்டாலும் முதலிடம் இப்படிக் கைமாறுகிறது. வாரக்கடைசியில் மூன்று மணி நேரம் கூடும் மேசைகளில் நாளுக்கு ஒரு பெரிய சண்டைதான் பெரும்பாலும் நடக்கிறது, நான் நடத்தும் மேசையும் அப்படித்தான். உங்கள் குழுவில் மந்திரக்காரர்கள் பெரிதாகத் தெரிந்தால் மந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் நாள்காட்டியைப் பாருங்கள்.

இதுவரை சொன்னதில் பகடைக் கணக்கு உறுதி. உறுதியில்லாதது டிஎம் என்ற மனிதர். அவர் காப்ளின்களைக் கூட்டமாக நிறுத்துகிறாரா, மூலைக்கு ஒன்றாகப் பரப்புகிறாரா? எதிரிகளுக்குப் புத்தி கொடுத்து முதலில் கிளெரிக்கை அடிக்கிறாரா? நீங்கள் முன்னணியில் நின்று வெட்டும்போது ஃபயர்பால் வட்டம் உங்களையும் சேர்த்து விழுங்குகிறதா? எவொகேஷன் பள்ளி விசார்ட் என்றால் நண்பர்களை விலக்கிவிட முடியும், மற்றவர் வாய்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பும் ஒரு முறைதான். இதற்கெல்லாம் எண் கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை. நானே பல வருடம் முன்னால் விரிதாளில் மதிப்பெண் போட்டு நாற்பது திறன்களைத் தரவரிசைப்படுத்தினேன். மூன்று வாரம் விளையாடியபின் முதல் பத்தில் நாலைக் கீழே இறக்க வேண்டிவந்தது, விரிதாளை மூடிவிட்டேன்.

உங்கள் ஃபீட்டின் விலையையும் கணக்கில் எடுங்கள். உங்களுக்கு அது மனித இனத்தின் மாற்று விதி வழியாக முதல் நிலையிலேயே வந்தது என்று ஊகிக்கிறேன், ஸ்ட்ரெங்த் 18ஓடு சேர்ந்து இருப்பதால். அது இல்லாதவர் நாலாம் நிலையில் ஸ்ட்ரெங்த்தை 16இலேயே விட்டுவிட்டு இந்த ஃபீட்டை எடுப்பார். அவருக்கு ஆர்மர் கிளாஸ் 15 எதிரில் வெட்டுக்கு 7.35, ஃபீட்டை விட்டு ஸ்ட்ரெங்த்தை 18 ஆக்கியவருக்கு 7.5. அவ்வளவு பேர்போன ஃபீட் தனியாக நின்றால் சாதாரண ஏற்றத்துக்குச் சற்றுக் கீழே. அட்வான்டேஜ் கிடைத்தால் மட்டும் கதை மாறி 12.2க்கு 10.3 என்று முன்னால் போகிறது. அதாவது அந்த ஃபீட்டின் வலிமை உங்கள் தாளில் பாதியும், அட்வான்டேஜ் வாங்கித் தரும் கூட்டாளியின் தாளில் பாதியுமாக இருக்கிறது. யார் வலிமை என்று உங்கள் மேசை போட்ட சண்டைக்கு இதுவே பாதிப் பதில்.

பதிப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. 2024 திருத்த விதிகளில் இந்த ஃபீட்டின் 5ஐக் குறைத்து 10ஐக் கூட்டும் பேரம் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதில், உங்கள் முறையில் அட்டாக் ஆக்‌ஷன் எடுத்துக் கனமான ஆயுதத்தால் அடித்தது பட்டால் ப்ரொஃபிஷியன்சி அளவுக்குச் சேதம் கூடும். எனவே காப்ளின், ஆர்க் கணக்கெல்லாம் 2014 நூலோடு நின்றுவிடும். பாத்ஃபைண்டர் என்ற வேறொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பை விளையாடுபவர் யாராவது இதைப் படித்தால், அங்கே இலக்கைவிட 10 கூடுதலாக வந்தாலே கிரிட்டிக்கல், எனவே ஒவ்வொரு +1க்கும் அங்கே கனம் அதிகம், இந்த எண்களை அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

உங்கள் அட்டவணையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ‘சேதம்’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘எதிரி இழந்த முறை’ என்று ஒரு பத்தி வரையுங்கள், அடுத்த மூன்று ஆட்டத்தில் உருட்டியதை அல்ல, நடந்ததைக் குறியுங்கள். உறையவைத்து வெட்டினால் பெயரை இரண்டு பேருக்கும் பாதி பாதியாக எழுதுங்கள். சேவில் எதிரி வென்ற தடவைகளையும் மறக்காமல் எழுதுங்கள், கிளெரிக் நண்பர் முறைத்தாலும் சரி.